உங்கள் தங்கையும் ழகரமும் ஒரு முன்னேற்ற இலக்கும்

அன்பும் பயமும் சரிபாதி கலந்து மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத்தில் பொய் வேண்டாமே என்று நிறுத்திக்கொண்டேன். வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையாகியிருக்கும் என்று நம்புகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தங்கை தலைமை ஆசிரியை ஆவதற்கான பயிற்சிக்குப் போய்க்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன். அங்கே என்னடாவென்றால், முதல் நாளே ஆளுக்கொரு முன்னேற்ற இலக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தன்னிடம் என்ன குறை, அதை எப்படித் திருத்திக்கொள்ளப்போகிறோம் என்று தானே எழுத வேண்டுமாம். தன் குறை என்று யோசித்தவளுக்கு ஒன்றும் அகப்படாமல், "சிறந்த தலைமை ஆசிரியையாகத் திகழ்வேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். இலக்கு என்றால் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், இதை எப்படி அளப்பது என்று பயிற்சி கொடுக்கிற அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை இவள் வீட்டில் வந்து சொன்னபோது, அளப்பதற்கா ஆள் இல்லை, உன் அண்ணன் ஒருவர் போதாதா என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும் மச்சான், வாய் தவறி வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் எனக்குக் காபி கிடைக்கவில்லை.

கடைசியில் அந்த அம்மாவே பள்ளிக்கு வந்து, இவள் பேசுகிற அழகைப் பார்த்துவிட்டு இலக்கை முடிவுசெய்தார். குறை சொல்ல வருகிறவரை நடுவில் மறிக்காமல் கடைசிவரை கேட்க வேண்டும். ஒரே ஒருவராவது 'முழுவதும் கேட்டார்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். இந்த மாதத்துக்குள் அது நடக்காவிட்டால் பதவி விளையாட்டு வாத்தியாருக்குப் போய்விடும். அவர் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்கிற மனிதர். காதில் விழுகிறதா என்பதை மட்டும் இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

இதென்ன பிரமாதம் என்று நினைப்பீர்கள். யாராவது ழகரத்தைத் தவறவிட்டால் உங்கள் தங்கைக்கு உடம்பு கூசும் என்பதை மறந்துவிட்டீர்கள். முதலில் வந்தவர் ஒரு மாணவனின் அப்பா, லாரி ஓட்டுகிறவர். "டீச்சர், மளை பேஞ்சா வகுப்புல ஒளுகுது" என்று ஆரம்பித்தார். மழை, ஒழுகுது என்று இவள் திருத்தினாள். பாவம், தங்கமான மனிதர், அதற்கென்ன என்று மறுபடியும் ஒளுகுது என்றார். நாக்கை உள்ளே மடிக்கச் சொன்னாள், மடித்தார். கடைசியில் வெகு சுத்தமாக 'ஒழுகுது' என்று சொல்லிவிட்டு, ரொம்ப நன்றி டீச்சர் என்று பூரிப்போடு வீட்டுக்குப் போய்விட்டார். கூரை இன்றுவரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்து வந்த சமையல்கார அம்மா, மூட்டைக் கிழங்கு மொத்தமும் அழுகிவிட்டது என்று சொல்ல வந்தவர், கிளங்கு என்ற இடத்தோடு நின்றுபோனார். இரண்டையும் அந்தப் பயிற்சி அம்மா மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாராம்.

பள்ளியில் பழகினது போதாது என்று வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது குறை சொல்ல வருகிற பொதுமக்கள் நான்தான். மேசைக்கு அந்தப் பக்கம் அவள் உட்காருவாள். நான் என் சொந்த அடுக்களைக் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். என்ன குறையைச் சொல்வது? நிஜமான குறையைச் சொன்னால் சாப்பாடு என்ன ஆவது? தலையணை கொஞ்சம் உயரம் என்று ஏதோ உளறிச் சமாளித்தேன். போன வாரம் அசல் குறையே வந்து வாய்த்தது. அடுக்களைக் குழாய் பிடுங்கிக்கொண்டு, தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. துண்டால் அமுக்கிக்கொண்டே, "குளாய் புடுங்கிக்கிச்சு, சீக்கிரம் வா" என்று கத்தினேன்.

"குழாய்ங்க. நாக்க உள்ள மடிச்சு, எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் நிலைப்படியில் நின்றுகொண்டு.

மடித்தேன் மச்சான். என் புத்தியை என்னவென்று சொல்ல! எனக்கு ழ வருவதற்குள் தண்ணீர் ஹாலைத் தாண்டிவிட்டது, கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார். வந்தவரும் ஒளுகுது என்றார். வாயைத் திறக்காதே, வலிய வந்த வாய்ப்பு என்று நான் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கையும் காலுமாகச் சைகை காட்டினேன். இவள் அவருக்கு நாற்காலி போட்டு, பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

மாதம் நாளையோடு முடிகிறது. ஒரு கையெழுத்துக்கூட வரவில்லை. இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவள், கண்ணாடியைப் பார்த்து, "நமக்கு இதெல்லாம் வராதுபோல" என்று மெல்லச் சொன்னாள். அந்தப் பள்ளிக்கூடத்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும், அதன் முதலெழுத்தோடு சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் வாடிப்போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, என் நாக்கும் இனி மடியாது. ஆகையால் தாமதிக்காமல் புறப்பட்டு வந்து, அந்தப் பயிற்சியை விட்டுத்தொலைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். அதாவது, கேட்க ஆரம்பிப்பாள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
அடுக்களைக் கதவைத் தட்டிவிட்டு நிற்கும்
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் செல்லாது. உறையில் போடலாம் என்று திரும்பினால், பின்னால் உங்கள் தங்கை நிற்கிறாள், கையில் மூடி திறந்த சிவப்புப் பேனா. கடிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தாள். இரண்டு மூன்று இடத்தில் பேனா தாளுக்கு வெகு கிட்டத்தில் வந்து திரும்பிப் போனது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. முடித்துவிட்டு, "இவ்வளவுதானா, இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வியை அவள் என்னிடம் கேட்டதில்லை. இன்னும் நிறையவே இருந்தது, ஆனால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. 'முழுவதும் கேட்டார்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அசல் பயிற்சி அம்மாவுக்குப் போகிறது, உங்களுக்கு வருவது நகல். நீங்கள் புறப்பட வேண்டாம். வாழ்த்துவதானால் போனில் மட்டும் வேண்டாம், எழுதி அனுப்புங்கள். அந்தச் சொல்லிலும் ழ இருக்கிறது.