பச்சை விளக்குக்குப் பின்னால் ஒரு முள்ளம்பன்றி

ஒரு காட்டில், காடென்று ஒன்று இருந்தால் வந்தே தீரும் என்கிற மாதிரி, ஒரு புது உத்தரவு வந்தது. ஒவ்வொரு விலங்கும் தன் குட்டிகள் தூங்கும் இடத்தை ஓலையில் எழுதி அரசுக் குகையில் வைக்க வேண்டும். குகைக்குப் பின்பக்கம் ஒரு ஓட்டை உண்டு. அதை அடைப்பது யார் பொறுப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. கழுதைப்புலிக்கு மட்டும் ஏக சந்தோஷம்.

அதனால் குகை வாசலில் ஒரு இயந்திரம் வைத்தார்கள். ஓலையைப் போட்டால் எழுத்துகளைக் கலைத்து உள்ளே தள்ளும். சாவி வைத்திருப்பவர் கேட்டால் மறுபடி அடுக்கித் தரும். இயந்திரம் படுத்துவிட்டால் அதே வேலையை, அதே சாவியை வைத்துக் கையால் செய்ய, அதன் பின்னால் கூரான் என்ற முள்ளம்பன்றியை உட்கார வைத்தார்கள்.

இயந்திரம் முதல் நாளே படுத்துவிட்டது. முன்பக்கத்துப் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. ஒரு ஓலை தப்பினாலும் யாருடைய குட்டியோ போய்விடும் என்று கூரான் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்ப்பான். வாயைத் திறக்காமல் கலைத்துக்கொண்டே இருந்தான். வரிசை நீண்டால், "நல்ல மிஷின், கொஞ்சம் யோசிச்சுதான் செய்யும்" என்று யானை சமாதானம் சொல்லும். ஆண்டு விழாவில் இயந்திரத்துக்கு மாலை போட்டார்கள்.

முதுகு ஒடிந்துபோன கூரான் அதிகாரி மயிலிடம் போனான்.

"ஐயா, மிஷின் ஓடலைங்க. நான்தான் கையால செய்யறேன். ரிப்பேர் பண்ணுங்க, இல்லன்னா துணைக்கு ஒரு ஆள் குடுங்க."

"விளக்கு எரியுதே. ஒரு புகாராவது வந்திருக்கா?"

"நான் இருக்கறதால வரலைங்க."

"புகாரே இல்லாத இடத்துல ரிப்பேரும் எதுக்கு, நீயும் எதுக்கு?" என்ற மயில், அவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அதன்பின் ஓலைகள் எழுதியது எழுதியபடியே குகைக்குள் போயின. வரிசை சரசரவென்று நகர்ந்தது. "இப்பதான் மிஷினுக்குக் கை பழகியிருக்கு" என்று யானை மெச்சியது. கழுதைப்புலி ஓட்டை வழியாகப் போய், காலை நீட்டி உட்கார்ந்து படித்தது.

குட்டிகள் காணாமல் போனதும் விசாரணை நடந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கூரான் இருந்தவரை எதுவும் நடக்கவில்லை, ஆகவே போகும்போது எதையோ கழற்றிவிட்டான் என்று தீர்ப்பானது. தண்டனை, ஆயுள் முழுக்க இயந்திரத்துக்குப் பின்னால் உட்காருவது.

முதல் ஓலையை முயல் கொண்டுவந்தது. மிச்சமிருந்த ஒரே குட்டி தூங்கும் இடம் அதில் இருந்தது. கூரானுக்குக் கண் கலங்கிவிட்டது. பிசகில்லாமல் கலைத்து உள்ளே வைத்தான். முயல் இயந்திரத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனது.

நீதி: அடுத்தவர் வேலையைச் சத்தமில்லாமல் ஒழுங்காகச் செய்கிறவர், அவ்வப்போது ஊரறியச் சொதப்பிவிடுவது எல்லோருக்கும் பாதுகாப்பு.