பெண் பார்க்கும் நாளில் ஒரு வைஃபை சோதனை

புதிதாக ஒரு வித்தை கற்றவனைக் கொஞ்ச நாளைக்காவது கட்டிப்போட்டு வைக்க வேண்டும். பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்த என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்குள் போன் சிக்னல் கிடையாது. சித்தப்பா வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கும் வைஃபை ரவுட்டர்தான் எல்லா வீட்டுக்கும். அதன் பாஸ்வேர்ட் பலமானதா என்று சோதிக்க அனுமதி கேட்டேன். (லயத்துக் குழந்தைகளுக்குக்கூட அது மனப்பாடம். ஆனாலும் முறைப்படி கண்டுபிடித்தால்தானே பெருமை!)

"பாத்துக்க. உடைச்சிராதடா" என்றார் சித்தப்பா.

என்னிடம் இருந்தது பேட்டரியும் ஹார்ட் டிஸ்க்கும் செத்த பழைய லேப்டாப். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டினேன். அக்காவைப் பெண் பார்க்க வெலிமடையிலிருந்து ஆட்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை அது. எல்லாரும் விருந்தாளிகளோடு இருப்பார்கள், போனை யாரும் தொடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். கத்தாரில் வேலை செய்யும் மாப்பிள்ளை எதில் பெண் பார்ப்பார் என்று யோசிக்கவில்லை.

ரவுட்டரோடு இணைந்த போன்களை ஒருமுறை உதறிவிட்டு, அவை திரும்ப வந்து ஒட்டும்போது பாஸ்வேர்டின் தடயத்தைப் பிடிக்க வேண்டும். அதுதான் சோதனை. நானோ, கொஞ்ச நேரத்துக்கொரு தடவை உதறிக்கொண்டே இரு என்று கட்டளை கொடுத்துவிட்டேன். திரை உறைந்தது. லேப்டாப் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அம்மாவிடமும் சொல்லிவிட்டு முன்னறைக்கு வந்தேன்.

போனில் மாப்பிள்ளை கூச்சத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். "என்னைய ஒங்களுக்குப் புடிச்சிருக்கா?"

அக்கா வாயைத் திறந்தாள். இணைப்பு அறுந்தது.

மறுபடி கூப்பிட்டார். அதே கேள்வி. மறுபடி அறுந்தது. மூன்றாவது தடவை, மாப்பிள்ளையின் அம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பொண்ணுக்கு விருப்பமில்லனா வாயால சொல்லலாமே. எதுக்குங்க கட் பண்ணிக்கிட்டே இருக்கு?"

"ஐயோ, நான் கட் பண்ணலங்க!" அக்காவின் கண் கலங்கியது. 'புடிச்சிருக்கு' என்று சொல்ல அவள் காலையிலிருந்து கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தவள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீதான படிச்சவன். என்னான்னு பாருடா."

ஓடிப்போய் ரவுட்டரைத் தட்டினேன், திருப்பினேன். பனிமூட்டத்தைக் குறை சொன்னேன், எதிர்மலையைக் குறை சொன்னேன், கத்தார் வெயிலையும் விடவில்லை. நான் திரும்பி வரும்போது விருந்தாளிகள் குடையை எடுத்துவிட்டார்கள்.

"இன்னொரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கெஞ்சிவிட்டு, அம்மா கரண்ட் கேத்தலோடு உள்ளே ஓடினார். இருந்த ஒரே பிளக்கில் என் லேப்டாப். பிடுங்கி எறிந்தார்.

போன் அடித்தது. இந்த முறை அறுபடவில்லை.

"புடிச்சிருக்கு!" ஹலோகூடச் சொல்லாமல் அக்கா கத்திய கத்தலில் மாமியார் குடையைக் கீழே போட்டார்.

"செத்துப்போச்சுன்னியே, ஒன் பொட்டி அங்க உர்ருனு இரைஞ்சிக்கிட்டு இருந்துச்சுடா. புடுங்கிட்டேன்" என்றபடி வந்தார் அம்மா. எல்லார் தலையும் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

கல்யாணம் ஜோராக நடந்தது. அத்தான் இன்னும் கத்தாரில்தான், அக்கா எங்களோடு. அக்கா சண்டை போட்டுக் கோபத்தில் போனைக் கட் பண்ணினால், அவர் அசைவதே இல்லை. நேராக என்னைக் கூப்பிடுவார்.

"மச்சான், அந்த லேப்டாப்ப ஆஃப் பண்ணுங்க. ஒங்க அக்கா என்னமோ சொல்ல வாறா."