ஒன்பது மாத நெப்ராஸ்காக்காரர்

ஓர் ஊரில் பிறந்து அங்கேயே சாகிறவனுக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்காது. அங்கே ஒன்பது மாதம் வேலைக்குப் போய் வந்தவருக்குத்தான் ஆயுள் முழுக்கச் சொல்ல இருக்கும். இந்த இனத்துக்குப் ‘போய்வந்தவர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். சிட்னியில், செவன் ஹில்ஸ் பக்கம், தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் மகாதேவன்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்றொரு மாநிலம். அங்கே ஒரு சிற்றூரில் மக்காச்சோளக் கிடங்குக்கு இயந்திரம் பொருத்த, கம்பெனி அவரை ஒன்பது மாதம் அனுப்பியது. திரும்பி வந்து ஆறு வருடம் ஆகிறது. இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

அந்த ஊரில் எதிரே வண்டியில் யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார்களாம். மகாதேவன் இங்கே நெடுஞ்சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆம்புலன்சுக்கும் விரலைத் தூக்குகிறார். பதிலுக்கு வேறு விரல் வருவதும் உண்டு. “சிட்டிக்காரங்களுக்குப் பண்பு போதாது சார்” என்பார்.

இங்கே மெரிலேண்ட்ஸ் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் கோயில் சாப்பாட்டு வரிசையிலும் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். மழை என்றால் அந்த ஊர்ச் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு, வெயில் என்றால் அந்த ஊர் இடுப்பளவு பனி, நீங்கள் வாயே திறக்காவிட்டால் அந்த ஊர் அமைதி. “வீட்டுக் கதவையே பூட்ட மாட்டாங்க சார்.” நியூயார்க் பார்த்தீர்களா என்று கேட்டுத் தொலைத்தேன். “அது அமெரிக்காவே இல்ல” என்றார்.

போன மாதம் சிவாஜினி அவரைத் தேடி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், நர்ஸ். அதே சிற்றூர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. கணவர் நாலு மாதம் கழித்துத்தான் வர முடியும். அதுவரை ஆறு வயது மகளோடு தனியாக. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். அந்த ஊரைக் கண்ணால் பார்த்த தமிழர் இவர் ஒருவர்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்போது மகாதேவன் வீட்டில் இருந்தேன். விரல், சங்கு, பனி, அமைதி எல்லாம் முடிய நாற்பது நிமிடம் ஆனது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“அங்கிள், கதவு பூட்டாட்டிலும் தெரியாத வீட்டுக்குள்ள போகேலாதே. பிள்ளைக்குத் திடீரெண்டு காய்ச்சல் வந்தா ஓடிப்போய்த் தட்ட ஒரு வீடு வேணும். உங்களுக்குத் தெரிஞ்ச ஒராளின்ர பேரும் நம்பரும் தாங்கோ. அது காணும்.”

“ஊரே தெரியும்மா. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர், பனி விழுந்தா நான் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே என் வாசலையும் சேர்த்து வழிச்சுத் தள்ளிடுவார். ஒரு நாள் தப்பினதில்ல. தங்கமான மனுஷன்.”

“அவற்ற பேர் என்ன?”

மகாதேவன் ஃபோனை எடுத்துத் தேடினார். சோளக்காடு இருந்தது. பனி இருந்தது. அந்த மனிதரின் சிவப்பு வண்டியும், வண்டியில் அவருடைய நாயும் இருந்தன.

“நாய் பேரு டியூக்” என்றார்.

“ஒரு நாளாவது அவையின்ர வீட்டுக்குப் போனனீங்களோ?”

“கூப்பிட்டார், மூணு தடவை. மாட்டுக்கறி வைப்பாங்களோன்னு பயம். வேலை இருக்குன்னு சொல்லிட்டேன்.”

“சரி அங்கிள், போட்டு வாறன்.”

அவள் கார் கிளம்பியபோது மகாதேவன் வாசலில் நின்று ஒரு விரலைத் தூக்கினார். அவர்மேல் எனக்கு முதல்முறையாகப் பரிதாபம் வந்தது.

திங்கட்கிழமை அவள் வேலை வேண்டாமென்று எழுதிவிட்டாள். கேள்விப்பட்டதும் பரிதாபம் போய்விட்டது. குளிர்காலம் முழுக்கப் பனி வழித்தவனின் பெயரைக் கேட்டுக்கொள்ளாத மனிதரும் உண்டா என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். குப்பை வண்டி வந்துபோன நாள் அது. தெருவோரம் வைத்திருந்த எங்கள் தொட்டி காலியாகி, வழக்கம்போல உள்ளே எங்கள் சுவரோரமாக இழுத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் வைப்பார், பதினோரு வருடமாக. அருமையான மனிதர். அவர் பூனையின் பெயர் மில்லி.

உங்கள் தொட்டியை யார் இழுத்து வைக்கிறார்கள்? அவசரமில்லை, ஃபோனில் தேடிப் பார்த்தே சொல்லுங்கள்.