தார்ச்சட்டிக்காரரின் காது

"கேட்சை விட்டுட்டான்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"ரேடியோலதான் சொன்னானே."

"ரேடியோல இந்தியில்ல ஓடிக்கிட்டிருக்கு!"

முகத்தில் பாதிச் சோப்பு நுரையோடு தங்கராசு கண்ணாடியில் தன்னையே பார்த்து விழித்தார். சவரக்கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி பிச்சைமுத்து பதிலுக்குக் காத்திருந்தான். அரியலூர்க் கடைத்தெருவில் இருந்த அவனுடைய சலூனில் அன்று முடி வெட்ட வந்தவர்களைவிட ஸ்கோர் கேட்க வந்தவர்களே அதிகம்.

"அது... சத்தத்தை வச்சுத்தான்டா. கூட்டம் 'ஓ'ன்னு எந்திரிச்சு 'ச்சே'ன்னு உக்காந்துச்சுல்ல? கேட்சு போனாத்தான் அப்படி உக்காரும்."

கேட்சு போனதும் தங்கராசு கத்திய கத்தலில்தான் தன் வேட்டியில் டீ கொட்டிவிட்டது என்று தமிழ் மன்றச் செயலாளர் குழந்தைவேல் முணுமுணுத்துக்கொண்டார். "அந்தப் பாஷை வர்றப்ப சத்தத்தைக் கொறைங்கய்யா" என்று அதட்டினார். பிச்சைமுத்து குறைத்தான். மறுபடி யாரும் கூட்டிவிடாதபடி காவல் இருக்கவோ என்னவோ, அவர் நாற்காலியை ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தேரடியில் கூட்டம். அறுபத்தைந்தில் அரியலூர் ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசி ஜெயிலுக்குப் போன தங்கராசுக்குப் பொன்னாடை. 'மொழிப்போர் மறவர்' என்று பட்டம். பதினேழு வருஷமாக ஊர் அவரைத் தார்ச்சட்டி தங்கராசு என்றே கூப்பிட்டது. சம்பந்திகள் பெண் கேட்டு வந்ததுகூட அந்தத் தார்ச்சட்டியின் மரியாதைக்குத்தான்.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. தார் பூசிய அன்று குழந்தைவேலும் அவரும் ஒரே வண்டியில் திருச்சி ஜெயிலுக்குப் போனார்கள். கொட்டடி மட்டும் வேறு வேறு. தங்கராசின் கொட்டடியில் ரயிலில் பிடிபட்ட பம்பாய் ஜேப்படிக்காரன் ஒருவன் இருந்தான். அவனுக்குத் தமிழ் வராது. இவருக்குப் பேசாமல் இருக்க வராது. பாதியில் அவனை வேறு கொட்டடிக்கு மாற்றியபோது தங்கராசு, "ஃபிர் மிலேங்கே பையா", மறுபடி பார்ப்போம் அண்ணா, என்று அவன் பாஷையிலேயே கண்கலங்கி விடைகொடுத்தார். இந்தியை எதிர்த்து உள்ளே போனவர் இந்தியோடு வெளியே வந்தார்.

இத்தனை வருஷம் அது நெஞ்சுக்குள் சமர்த்தாகப் படுத்திருந்தது. இந்தக் கிரிக்கெட் வந்து தட்டி எழுப்பிவிட்டது.

இந்தியத் தேர்வுக் குழு நாடு முழுக்கச் சலித்தெடுத்துப் பிரித்த அணிகளுக்குள் ஒருநாள் போட்டி. நாலே நாள் திருவிழா. இன்று பெங்களூரில் இறுதி ஆட்டம். இதில் மின்னினால் இந்திய அணி. அதில் ஒரு அணியில் பந்து போடுபவன், உடையார்பாளையத்து உத்திராபதி! முந்திரிக்காட்டில் ஓடிப் பழகிய கால். கமெண்டரி கொஞ்சநேரம் இங்கிலீஷ், கொஞ்சநேரம் இந்தி. இங்கிலீஷ் வந்தால் போஸ்ட் ஆபீஸ் சாமிதுரை மொழிபெயர்ப்பார். இந்தி வந்தால் ஊரே நகத்தைக் கடிக்கும்.

இங்கிலீஷ் முறை வந்தது. சாமிதுரை துள்ளினார். "கேட்சை விட்டது நெசந்தான்யா! அண்ணன் காது காதில்ல, தந்திக் கம்பி!"

அவ்வளவுதான். தங்கராசை நாற்காலியோடு தூக்கி ரேடியோ முன்னால் வைத்தார்கள். தெருவில் முந்திரி விற்றுக்கொண்டிருந்த உத்திராபதியின் அம்மா இருசம்மாளையும் யாரோ கூட்டிவந்துவிட்டார்கள்.

"தம்பி, எம் புள்ளைய என்ன பண்றானுவன்னு கேட்டுச் சொல்லு தம்பி."

கடைசி ஆளாக உத்திராபதி மட்டை பிடிக்க இறங்கியிருந்தான். மறுபடி இந்தி. அவன் பளாரென்று ஒரு நாலு அடித்தது தங்கராசுக்குக் கேட்டது. காலால் தாளம் போடத் தோன்றியது. அடக்கிக்கொண்டார். தப்பாகச் சொல்லிவிட்டால் நம்பிக்கை போய் நம்மை விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

"அவுட்டு" என்றார்.

இருசம்மாள் கூடையைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். "அவுட்டுன்னா உசுரு இருக்குமாய்யா?"

பெற்றவள் அழுகையைத் தாங்குகிற நெஞ்சா அது? "அழுவாத ஆயா! நோ பாலு, நோ பாலு! அவுட்டு இல்ல!"

"நோ பாலா?" என்று குழந்தைவேல் சுருக்கென்று திரும்பினார். "நோ பாலுக்குச் சத்தம் எப்படிங்க இருக்கும்?"

தங்கராசு யோசித்தார். "ஆ... ஹா... ஹாவ்" என்று செய்து காட்டினார். மாடு கொட்டாவி விட்டாற்போல இருந்தது. ஆனால் அடுத்து வந்த இங்கிலீஷ்காரன், உத்திராபதி இன்னும் ஆடுவதாகச் சொல்லித் தொலைத்தான். சலூன் ஆர்ப்பரித்தது. குழந்தைவேல் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசி ஓவர். வேண்டியது அஞ்சு ரன். சரியாக அப்போது இந்தி!

தங்கராசு தூக்குமேடைக்குப் போகிற சீமைப் பிரபுவைப் போல உதட்டை இறுக்கிக்கொண்டார். எதிர்முனைக்காரனுக்கு ஒரு ரன், உத்திராபதிக்கு ஒரு ரன், மறுபடி எதிர்முனைக்காரனுக்கு இன்னொன்று... திடீரென்று ரேடியோவில் பேச்சு நின்றது. பிறகு குரல் பதறியது.

"என்ன தம்பி? ஏன் மூஞ்சி வெளுத்துப் போச்சு?" இருசம்மாள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ளைக்கு என்ன ஆச்சு? சொல்லு சாமி!"

பொன்னாடை கண்ணுக்குள் ஒருதரம் பளபளத்தது. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"பந்து தாடையில பட்டிருச்சு ஆயா... விழுந்துட்டான்... இரு, இரு, எந்திரிச்சிட்டான்! டாக்டரைப் போகச் சொல்லிக் கையாட்டறான். ரத்தத்தைத் தொடச்சுக்கிட்டுச் சிரிக்கிறானாம்! கடைசிப் பந்து, ரெண்டு ரன்னு வேணும். பந்து போடறவன் ஓடி வர்றான்... தூக்கிட்டான் உத்திராபதி! பந்து உருளுது, ஒருத்தன் தொரத்தறான், ஒரு ரன்னு ஆச்சு, ரெண்டாவதுக்கு ஓடு, ஓடு, வுழுந்தாவது ஓடுடா! ஸ்டம்ப்பைக் குறி வச்சு எறியறான், தப்பிருச்சு! செயிச்சாச்சு! 'தாய்ப்பால் குடிச்ச வீரன்'ங்கிறான் ஆயா, உன் புள்ளைய!"

சலூன் வெடித்தது. பவுடர் டப்பா கூரைவரை பறந்தது. இருசம்மாள் கூடை முந்திரியையும் வாரி இறைத்தாள். அவளைத் தூக்காத குறையாகத் தெருவுக்கு இழுத்துப் போனது கூட்டம். போகிற போக்கில் சாமிதுரை நின்றார்.

"அண்ணே, தாய்ப்பாலுமா சத்தத்தில தெரிஞ்சுச்சு?"

தங்கராசின் முகத்தில் நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதற்குள் குழந்தைவேல் எழுந்தார். "எல்லாரும் வெளிய போங்க. பிச்சைமுத்து, நீயும்தான்." கதவைச் சாத்தினார். கையில் பொன்னாடைப் பை.

"அதை வேற யாருக்காவது குடுத்திடுங்க, தேரடிக்கு நான் வரல" என்றார் தங்கராசு, தலையைக் குனிந்துகொண்டு.

குழந்தைவேல் அவர் காதோரம் குனிந்தார்.

"எல்லாம் சொன்னீங்க, அம்பயருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் குடுங்கன்னு அந்த இந்திக்காரன் நடுவுல கிண்டல் பண்ணானே, அதை ஏண்ணே விட்டுட்டீங்க? அந்தப் பம்பாய்க்காரனை அப்புறம் என் கொட்டடியிலதான் போட்டானுவ... மேடையில வாய் தவறிச் சொல்லிடாம இருப்பீங்களாண்ணே?"