வீரபாண்டி வந்தால் கட்

"காரு வீரபாண்டி வந்தா போன் கட்! நேத்தும் கட், இன்னைக்கும் கட். ஏனுங் தம்பி, உங்க டவருக்கு எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

பனியன் கம்பெனி முதலாளி சுப்பண்ணன் பட்டன் போனை மேசையில் வைத்த வேகத்தில் ஜாஹித்தின் டீ தளும்பியது. ஜாஹித் செல்போன் கம்பெனி இன்ஜினியர், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தன் ஆட்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்த சிம்மை சுப்பண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆகவும் ஆகாது. நிரந்தரமானால்தான் மெஹ்ஜபின் வீட்டில் நிக்காஹ் தேதி வைப்பார்கள். பாவம், பயலின் கல்யாணமே அந்த ஒரு போனில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கார் போகப் போக, ஒரு டவர் உங்க பேச்சை அடுத்த டவர்கிட்ட ஒப்படைக்கணுங்கண்ணா. ஷிப்டு மாத்தற மாதிரிங்க. அடுத்த டெய்லர் வந்து உக்கார்றதுக்குள்ள இவரு எந்திரிச்சுப் போயிட்டா, துணி அப்படியே நிக்குமில்லீங்களா?"

"எங்கம்பெனில அப்படிப் போனா சம்பளத்தப் புடிச்சுப்போடுவனுங்க. டவருக்கும் புடிங்க."

டவர் பேச்சை ஒப்படைக்கும் நேரத்தை ஜாஹித் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தான். டவர்கள் இரண்டும் 'நீ வச்சுக்கோ, நீ வச்சுக்கோ' என்று பேச்சை மாற்றி மாற்றித் தள்ளின. கட் ஆவதற்கு முன்னால் இப்போது போன் திக்கவும் செய்தது.

பின்னால் தள்ளிப் பார்த்தான். பழைய டவர் விடாப்பிடியாகப் பிடித்து வைத்துக்கொண்டதில் ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கட் ஆனது. சாயப்பட்டறைக்காரர்கள் ஆபீசுக்கே வந்து சத்தம் போட்டார்கள்.

கடைசியில் துணிந்து இறங்கினான். டவர் தன் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும். பக்கத்து டவரிலிருந்து வருகிற பேச்சுக்கென்று சில துண்டுகளை எடுத்துக் காலியாகவே வைத்தான். வீரபாண்டி முழுக்க 'நெட்வொர்க் பிஸி' என்றது. ஊரே திட்டியது. ஊரைப் பட்டினி போட்டு ஒருத்தருக்குப் பந்தி வைத்தும், சுப்பண்ணனுக்கு அதே இடத்தில் கட்!

"நாளைக்கும் கட் ஆச்சுன்னா வேற வேலை தேடிக்க" என்றார் மேனேஜர்.

அந்த நேரம் பார்த்தா மெஹ்ஜபின் கூப்பிட வேண்டும்? "அத்தா தேதி கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

"டவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றான் ஜாஹித். அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சுப்பண்ணனின் காரிலேயே ஏறி, மடியில் லேப்டாப்பை விரித்து முன்சீட்டில் உட்கார்ந்தான். பக்கத்தில் டிரைவர் ராக்கையா, சிவகங்கைப் பக்கத்து ஆள், அதிகம் பேசாதவர்.

"எத்தன நம்பிக்கையா இருக்கறேன் பாருங்க தம்பி" என்றார் பின்சீட்டிலிருந்து சுப்பண்ணன். "இது கட் ஆவக்கூடாதுன்னு, மாரியாத்தா கோயிலத் தாண்டறப்பல்லாம் மனசார வேண்டிக்கறனுங்க."

"நீங்க உங்க சரக்கு ஏஜென்டுகிட்டப் பேசிட்டே வாங்கண்ணா."

அவர் பேசிக்கொண்டே வந்தார். வீரபாண்டி நெருங்கியது. ஜாஹித் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தான். பழைய டவர் இறங்கியது, புதியது ஏறியது, பேச்சு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு அடுத்த டவருக்குப் போய் உட்கார்ந்தது.

"மாறிருச்சுங்கண்ணா! மாறிருச்சு!" குதிக்காத குறைதான்.

"ஹலோ... ஹலோ... ஏனுங்க? அட, கட் ஆயிருச்சுங்க தம்பி!"

ஜாஹித் லேப்டாப்பை மூடினான். வேலை போயிற்று, மெஹ்ஜபினும் போனாள். "டவர்ல ஒரு குறையும் இல்லீங்களே, யா அல்லா!" என்று தலையில் கை வைத்தான்.

ராக்கையா கியரை மாற்றிவிட்டு, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் முதலாளியை ஒருதரம் பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்:

"டவரைப் போயி ஏன் சாரு நோண்டுறீக? வீரபாண்டி கோயிலு வந்ததும் மொதலாளி போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடுறாக, அவுக தாடைதான் தெனமும் அந்தச் செவப்பு பட்டன அமுக்குது."