அப்பாத்துரைக்காக ஒரு ஜெபச்சீட்டு

"இருதயப் பலவீனத்தால் மிகவும் கஷ்டப்படுகிற நம்முடைய சகோதரர் அப்பாத்துரை அவர்களுக்காக ஜெபிப்போம்" என்று போதகர் சீட்டைப் பார்த்து வாசித்ததும், கோயிலில் அத்தனை தலைகளும் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன.

மூன்றாவது பெஞ்சில் அப்பாத்துரை கல்கண்டு சப்பிக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயது. சீவலப்பேரி வயலில் இன்றைக்கும் வரப்பில் நின்று வேலை வாங்குகிற ஆள். விறைத்து எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, எனக்கு ஒரு கேடும் கெடையாது. எவனோ பொய்ச்சீட்டு போட்டிருக்கான்."

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன விசுவாசம் பாருங்க! வியாதியே இல்லைன்னு அறிக்கை பண்ணுதாரு."

சபை முழுக்க ஆமென் என்றது. அப்பாத்துரை கல்கண்டைக் கடித்து நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் அப்பாத்துரை, கோயில்பிள்ளையான ஹெப்ரானைப் பிடித்தார். கோயிலைத் திறப்பது, மணியடிப்பது, ஜெபச்சீட்டுப் பெட்டியைத் திறந்து போதகரிடம் கொடுப்பது எல்லாம் அவன் வேலை.

"ஏலே, யாரு போட்டது?"

"பேரு இல்லாத சீட்டு அண்ணாச்சி. விழுந்தத எடுத்து ஐயா கையில குடுக்கேன். எங்கிட்ட வந்து கேட்டா?"

அப்பாத்துரை வீட்டுக்கு வருமுன்னே ஆட்கள் ஆப்பிள் பையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த தெரு டார்லின் டீச்சர் அவர் கையைப் பிடித்து, "மனசத் தளர விட்டுராதீங்க அண்ணாச்சி" என்று கண் கலங்கினாள்.

"நானா தளருதேன்? பாருங்க!"

இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்து காட்டினார். மூன்றாவது நடையில் மூச்சு வாங்கி, மூட்டையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் அத்தனையையும் செல்போனில் பிடித்துச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அரை மணி நேரத்தில் பெங்களூரிலிருந்து மகள் பிரிஸில்லா கூப்பிட்டாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை வாரேன். உங்க ரெண்டு பேரையும் இங்கன கூட்டிட்டு வந்துருதேன். வீட்ட வாடகைக்கு விட்டுருவோம்."

இப்போதுதான் அப்பாத்துரைக்கு இருதயம் நிஜமாகவே அடித்துக்கொண்டது. அங்கே பதினோராவது மாடி. குளிக்க ஆறு கிடையாது. வயல் கிடையாது. ஏலே என்று கூப்பிட ஒரு ஆள் கிடையாது.

"ஏட்டி, எனக்கு ஒண்ணுமில்லன்னு நீயாவது சொல்லு அவகிட்ட" என்றார் மனைவியிடம்.

இன்பமணி ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் சொன்னா நம்பவா போறா? டாக்டர் எழுதின தாளுன்னா நம்புவா."

ஆஸ்பத்திரி அப்பாத்துரைக்கு ஆகாது. சும்மா போனவனுக்கும் ஒரு வியாதியைக் கையில் கொடுத்து அனுப்புகிற இடம் என்பது அவர் கட்சி. இன்பமணி கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பதினாறு வருஷமாக அந்த வாசலை அவர் மிதித்ததில்லை.

மறுநாள் தானாகவே டவுன் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போனார்.

"நல்லா இருக்கேன்னு ஒரு தாளு எழுதிக் குடுங்கம்மா, போயிருதேன்."

டாக்டர் அனுராதா சிரித்தாள். "பாக்காம எப்படி ஐயா எழுத?"

நெஞ்சில் வயரை ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். "நல்லா எடுத்துப் பாருங்க. பின்னால ஒரு பய குத்தம் சொல்லப்பிடாது" என்று அவரே விடாமல் எல்லாச் சோதனைக்கும் கையை நீட்டினார்.

"இருதயம் நல்லா இருக்கு" என்றாள் டாக்டர்.

"நான் சொல்லல?"

"பிரஷர்தான் இருநூறுல நிக்குது. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா ஒரு பக்கம் கை கால் விளங்காமப் போயிருக்கும். தினம் காலையில ஒரு மாத்திரை."

"யம்மா, அத மட்டும் எழுதாதீங்க! எம் மக பெங்களூருக்குத் தூக்கிட்டுப் போயிருவா."

"எழுதத்தான் செய்வேன். மாத்திரைய ஒழுங்காப் போட்டா சொந்த ஊர்லயே இருக்கலாம்னும் சேத்து எழுதுதேன்."

அப்பாத்துரை அங்கேயே தண்ணீர் வாங்கி முதல் மாத்திரையை விழுங்கினார்.

தாளைப் படம் பிடித்து அனுப்பியதும் பிரிஸில்லா, "சரிப்பா, மாத்திரைய விட்டுராதீங்க" என்று பயணத்தை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்குமுன்பே கோயிலுக்குப் போய், ஹெப்ரான் மூக்குக்கு நேரே தாளை நீட்டினார்.

"வாசிலே! இருதயத்துல ஒரு கொறையும் கெடையாது. இனிமே எவனாவது எம்பேருல சீட்டு போடட்டும், பாப்பம்!"

ஹெப்ரான் தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்தான். பிறகு மணிக்கயிற்றை விட்டுவிட்டுச் சட்டைப்பைக்குள் கையை விட்டான்.

"இன்பமணி மதினி சொன்னபடியே போய்ப் பாத்துட்டு வந்துட்டீங்களே அண்ணாச்சி. கண்ணு, காது, முட்டுக்காலுன்னு இன்னும் மூணு சீட்டு எழுதிக் குடுத்திருக்காவ, இந்த வாரம் எத வாசிக்கச் சொல்லட்டும்?"