பட்டாணி சூப்பில் இறங்கிய பேய்

வியாழக்கிழமை என்றால் கால்பந்து கிளப் கூடத்துக்கு வெளியே கார் நிறுத்த இடம் கிடையாது. ஈய உருக்காலைக்கு நுரையீரலைக் கொடுத்துவிட்டு ஓய்வூதியம் வாங்கிவந்த கிழவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். ஒரு கையில் ரொட்டியில் தடவும் வெஜிமைட் தீர்ந்த பழைய பாட்டில். உள்ளே காலைச் சளி. மறு கையில் ஆட்டிறைச்சித் தட்டு.

இறைச்சி, வெள்ளை உடையில் வந்து சளியிலிருந்து பேயோட்டும் சகோதரர் லைலுக்கு. அவர் பணத்தைத் தொடமாட்டார், அவ்வளவு பரிசுத்தம். தொடை, விலா, ஈரல் எல்லாம் தொடுவார்.

சளியை 'அருள்நீர்' நிரம்பிய கிண்ணத்தில் ஊற்றிக் கண்ணை மூடி முணுமுணுப்பார். பச்சைச் சளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப்போகும். "பேய் இறங்கிடுச்சு!" என்பார். கூடமே கைதட்டும், தட்டிய மூச்சில் பாதிப் பேர் இருமுவார்கள். யூகலிப்டஸ் எண்ணெய் மூக்கைத் துளைக்கும். அருளின் வாசனையாம் அது.

அந்தக் கூடத்தின் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்பவள் நோலீன். உருக்காலையில் உழைத்து ஓய்ந்த அவள் கணவன் கெல்வின் மூன்று நாளாகப் பச்சையாகத் துப்பிக்கொண்டிருந்தான். 'சளி பச்சையாகி, அளவும் கூடி, மூச்சும் முட்டினால் அன்றே இந்த மாத்திரையைத் தொடங்கவும்' என்று மருத்துவர் எழுதித் தந்த தாள் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தது. மாத்திரை இழுப்பறையில் தூங்கியது.

"மாத்திரையைப் போடேன், கெல்வின். கிருமிக்குன்னுதானே குடுத்திருக்காங்க?"

"போட்டா... பேய் பயந்து... உள்ளயே ஒளிஞ்சுக்கும்னு... லைல் சொன்னாரு."

ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்கினான். உதடு நீலமாக இருந்தது.

 நோலீன் அவன் சளிப் பாட்டிலைக் குப்பையில் போட்டாள். இன்னொரு பாட்டிலை எடுத்தாள்.

கூடத்தில் லைல் அந்தப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க! முப்பது வருஷம் உலைக்குள்ள இருந்த பேய்! எவ்வளவு பச்சை!" ஊற்றினார். முணுமுணுத்தார். பச்சை கரைந்தது. "கெல்வின், நீ பொழைச்சுட்டப்பா!"

கெல்வின் எழுந்து கைதூக்கப் பார்த்தான். முடியாமல் நாற்காலியிலேயே சரிந்தான்.

"சகோதரரே," என்றாள் நோலீன், "அது நேத்து மிஞ்சின பட்டாணி சூப். பச்சை சாயம் போட்டு நான் வச்சது."

 முன்வரிசையில் டெஸ் கிழவன் தொண்டையைச் செருமினான். "அப்போ சூப்புலயும் பேய் இருந்திருக்கு! நேத்து நான் ரெண்டு கிண்ணம் குடிச்சேனே!"

பத்துப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். லைல் தெம்பானார். "பேய் எங்க வேணா ஒளியும்மா. நம்பிக்கை இல்லாதவங்க கண்ணுக்குத் தெரியாது."

"இது தெரியுதான்னு பாருங்க." அவள் கட்டியிருந்த கறுப்புச் சமையல் ஏப்ரனை அவிழ்த்து முனையைக் கிண்ணத்தில் முக்கினாள். முணுமுணுக்கவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் கறுப்பு செம்மண் நிறமானது, பிறகு வெளிறியது. "கழிப்பறை கழுவுற பிளீச். நான் தினம் கை வைக்கிற சாமான். எத்தனை பாட்டில் யூகலிப்டஸ் ஊத்தினாலும் எனக்கு மணம் தெரியும். கிண்ணத்துல சளியை வெளுத்தா நெஞ்சுக்குள்ள இருக்கிற கிருமி சாகுமாய்யா? இந்த நெடியை வேற இவங்க நெஞ்சுக்கு ஊட்டுறீங்க!"

லைல் ஏன் எப்போதும் வெள்ளை உடையிலேயே வருகிறார் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது.

அவர் பின்வாசல் வழியாகப் போனார். ஆட்டுத்தொடையை மறக்கவில்லை.

நோலீன் கெல்வினைக் காரில் அள்ளிப்போட்டு மருத்துவமனைக்கு ஓட்டினாள். ஆக்சிஜன் வைத்தார்கள், கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். "மாத்திரையை ஏன் போடாம வச்சீங்க? யார் சொன்னது?" என்றாள் செவிலி.

"துணி வெளுக்கிறவன்," என்றான் கெல்வின், முகமூடிக்குள்ளிருந்து.

ஆறாம் நாள் அவன் சளி வெள்ளையானது. கிண்ணம் எதுவும் பக்கத்தில் இல்லை.

பக்கத்து ஊரில் இப்போது லைலுக்கு இதைவிட நீண்ட வரிசையாம். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். மூளையை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை, பட்டாணி சூப்பையாவது மறக்காமல் எடுத்துப்போங்கள்.